05/04 என்றால் எந்த மாதம்?

மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குக் கிட்ட கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, ஸ்கேன், டைப்பிங், அப்புறம் மெயில் அனுப்பிக் கொடுப்பது. சொந்தமாக மெயில் முகவரி இல்லாதவர்களுக்கு என் கடை முகவரியிலிருந்துதான் அனுப்புவேன். பதிலும் எனக்குத்தான் வரும். அதனால் லீவில் போகிறவர்கள் வைத்துவிட்டுப் போகும் தானியங்கிப் பதில்களை ஒரு நாளைக்கு நாலைந்தாவது வாசிக்கிறேன். வாசித்து வாசித்து வயிறு எரிகிறது. இன்றைக்குக் கொட்டித்தான் தீர வேண்டும்.

சித்திரை வருஷப் பிறப்புக்கு முன்னே, ஏப்ரல் 9. வாகரைப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். மகள் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்து, ஐந்து மாதச் சம்பளம் கிடைக்காமல் நிற்கிறது. கொழும்பில் ஒரு அலுவலகம் 18ஆம் திகதிக்குள் பத்திரங்களை அனுப்பச் சொல்லியிருக்கிறது. பொலித்தீன் பையைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பாஸ்போர்ட் பிரதி, ஒப்பந்தம், மகள் கைப்பட எழுதிய கடிதம். எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். ஒரு நிமிஷம் ஆகவில்லை, டிங் என்று பதில்.

"பதில் வந்திட்டா தம்பி?" பையை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு புறப்படவே ஆயத்தமாகிவிட்டார்.

என்ன பதில் தெரியுமா? உங்கள் மெயிலுக்கு நன்றி, நான் லீவில் இருக்கிறேன், 05/04 அன்று திரும்புவேன், அவசரமென்றால் இன்னாரைத் தொடர்புகொள்ளுங்கள். முழுக்க ஆங்கிலம்.

05/04! நம் நாட்டு வழக்கப்படி வாசித்தால் ஏப்ரல் 5. அப்படியென்றால் ஆள் வந்து நாலு நாளாகிவிட்டது, இதை அணைக்க மறந்திருக்கிறார். அமெரிக்க முறைப்படி மாதத்தை முன்னுக்குப் போட்டிருந்தால் மே 4. அதற்குள் 18ஆம் திகதி போய்விடும். அந்த அம்மாவுக்கு இதில் எதை நான் சொல்ல? மாதத்தின் பெயரை எழுத்தில் எழுத எத்தனை விநாடி எடுக்கும்?

சரி, அந்த 'இன்னாருக்கு' அனுப்புவோம் என்று அனுப்பினேன். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. அந்த ஆள் வேலையை விட்டே போயிருக்க வேண்டும். கீழே இருந்த தொலைபேசி இலக்கத்துக்கு ஐந்து தடவை கோல் எடுத்தேன். அடித்து அடித்து நின்றது. அவசரத்துக்கு என்று ஒருவருடைய பெயரைக் கொடுக்கிறீர்களே, அவர் இருக்கிறாரா, அவரும் லீவா, இந்த விஷயம் அவருக்குத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதக் கூடாதா?

மூன்று மணி போல முதல் முகவரிக்கே இன்னொரு தடவை அனுப்பினேன். இந்தத் தடவை ஒன்றும் வரவில்லை. "இப்ப ஆள் வந்திட்டார் போல" என்றார் அம்மா. அவர் அப்படி நினைத்ததில் என்ன பிழை? ஆனால் இந்தப் பதில்கள் வேலை செய்கிற விதம் அது இல்லை. கந்தோர்கள் பாவிக்கிற அவுட்லுக் என்ற மெயில் செயலியில் ஒருவர் எத்தனை மெயில் போட்டாலும் அந்த லீவுக்கு ஒரு தடவைதான் பதில் போகும். ஜிமெயிலில் நாலு நாளைக்கு ஒரு தடவை. இரண்டு மெஷின்கள் ஒன்றுக்கொன்று விடாமல் பதில் போட்டுக்கொண்டே இருக்கக் கூடாது என்பதும் இதற்கு ஒரு காரணம், அது நியாயம்தான். ஆனால் இந்தப் பக்கத்தில் காத்திருக்கும் மனிதருக்கு அந்த மௌனம் என்னவெல்லாம் சொல்லும் என்று லீவில் போகிறவர் யோசிக்க வேண்டாமா?

அம்மா அன்றிரவே கொழும்புக்கு ரயிலேறிவிட்டார். நான் மறித்தேன், கேட்கவில்லை. பிள்ளையின் காசு, எந்தத் தாய் கேட்பாள்? விடிந்து அந்தக் கந்தோருக்குப் போனால், ஆள் கதிரையில் இருக்கிறார். 5ஆம் திகதியே வந்துவிட்டாராம். நான் அனுப்பிய பத்திரங்கள் முதல் நாளே அச்செடுத்து அவருடைய மேசையில் கிடந்தனவாம். "மெயில் கிடைச்சதே, நீங்கள் ஏன் வந்தீர்கள்?" என்று கேட்டாராம்.

ஏன் வந்தார்? நீர் சொன்னதை நம்பி வந்தார்!

லீவு எடுப்பதை ஒருவரும் குறை சொல்லவில்லை. எடுங்கள், நிம்மதியாக இருங்கள், மெயிலைத் திறக்கவே வேண்டாம். ஜெர்மனியில் டைம்லர் கார் கம்பனி லீவில் இருப்பவருக்கு வரும் மெயிலை அழித்துவிடும் ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவந்தது 2014இல் செய்தியாக வந்தது. உங்கள் மெயில் அழிக்கப்படும், வேறு இவரிடம் கேளுங்கள், அல்லது அவர் வந்த பிறகு அனுப்புங்கள் என்று அனுப்பியவருக்குப் பதில் போனது. கடுமையாகத்தான் தெரிகிறது, ஆனால் உண்மை பேசுகிறது. அனுப்பியவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது. எனக்கு வரும் பதில்களில் பாதி 'கூடிய விரைவில் கவனிப்போம்' என்கிறது. யார் கவனிப்பது, எப்போது?

மொழி விஷயத்தை நினைத்தால் இன்னும் கொதிக்கிறது. இலங்கை அரசியலமைப்புக்கு 1987இல் வந்த 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டில் அரச கரும மொழி. அரச கந்தோர்களின் பெயர்ப் பலகையில் மூன்று மொழியும் இருக்கிறது. அதே கந்தோர்களிலிருந்து வரும் தானியங்கிப் பதிலில் மட்டும் ஆங்கிலம் ஒன்றுதான். நாலு வரியைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தடவை எழுதி வைத்தால் வருஷம் முழுக்கப் பாவிக்கலாமே. அந்த அம்மா என்னை நம்பாமல் தானே வாசித்திருப்பார்.

இன்னொரு பக்கம், தேவையில்லாததையெல்லாம் கொட்டுகிறவர்கள். குடும்பத்தோடு நுவரெலியா போகிறோம், 16ஆம் திகதிவரை வீட்டில் இருக்க மாட்டோம், மேலதிகாரியின் கைத்தொலைபேசி இலக்கம் இது. மோசடி மெயில் அனுப்புகிறவனுக்கும் இதே பதில்தானே போகிறது! அவனுக்கு முகவரி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டது, வீடு பூட்டியிருப்பது தெரிந்துவிட்டது, யாருடைய பெயரைச் சொல்லிக் காசு கேட்கலாம் என்பதும் தெரிந்துவிட்டது. அவுட்லுக்கில் அலுவலகத்துக்கு உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்று, வெளியாட்களுக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுத இடம் இருக்கிறது. வெளியாட்களுக்குத் திரும்பும் திகதியும் பொறுப்பாக இருப்பவரின் முகவரியும் போதும்.

அணைக்க மறந்துவிட்டேன் என்று இனி ஒருவரும் என்னிடம் சொல்லாதீர்கள். ஜிமெயிலில் கடைசி நாளைக் குறித்துவிட்டால் அன்று நள்ளிரவோடு தானாக நின்றுவிடும். குறிக்காமல் விட்டால் நீங்களாக அணைக்கும்வரை போய்க்கொண்டே இருக்கும். தைப்பொங்கல் லீவென்று ஒரு கந்தோர் எனக்கு மார்ச் மாதம் வரைக்கும் பதில் அனுப்பியது.

புறப்படுவதற்கு முன் வீட்டிலுள்ள ஒருவரின் முகவரியிலிருந்து உங்களுக்கே ஒரு மெயில் போட்டுப் பாருங்கள். வருகிற பதிலை ஒரு தடவை வாசியுங்கள். அதில் இருக்கும் இலக்கத்துக்கு நீங்களே ஒரு கோல் எடுத்து, யாராவது தூக்குகிறார்களா என்று பாருங்கள்.