மழை வரும் என்று அந்தத் தம்பி எங்கே சொன்னான்?

மூன்று நாளாகப் பார்க்கிறேன். வானிலைக் கணிப்பு எழுதும் அந்தத் தம்பியின் பக்கத்தில், சொன்ன மழை வரவில்லை என்று ஆளாளுக்குப் போய்த் துப்பிவிட்டு வருகிறீர்கள். குடை படத்தோடு ஒரு மீம். வெயிலில் காயும் கருவாட்டைப் போட்டு ‘உங்க மழையில நனையுது சார்’ என்று இன்னொன்று. சிரித்தாயிற்றா? இப்போது அவன் எழுதியதைப் படிக்கலாமா?

‘பிப்ரவரி இரண்டாம் வாரம் டெல்டா கடலோரத்தில் இயல்பைவிடச் சற்றுக் கூடுதல் மழைக்கு வாய்ப்பு. இது மூன்றாவது வாரக் கணிப்பு, மாறலாம்.’ அவ்வளவுதான் எழுதினான். ‘வாய்ப்பு’ என்றான், ‘மாறலாம்’ என்றான். அதை எடுத்து ‘டெல்டாவைப் புரட்டப்போகும் பிப்ரவரி’ என்று தலைப்புப் போட்டு, கஜா புயலில் விழுந்த தென்னையைப் பக்கத்தில் ஒட்டியது ஒரு யூடியூப் சேனல். 2018-இல் விழுந்த மரம்! அவர்களை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. திட்டெல்லாம் தம்பிக்கு.

வானிலை ஆய்வு மையம் வியாழன்தோறும் அடுத்த நான்கு வாரத்துக்கு ஒரு கணிப்பு வெளியிடுகிறது. நாளைக்கு மழையா என்று சொல்வது வேறு, மூன்றாவது வாரம் எப்படி இருக்கும் என்று சொல்வது வேறு. மேடன்–ஜூலியன் அலைவு என்று ஒன்று, முப்பதிலிருந்து அறுபது நாளில் பூமத்தியரேகையை ஒட்டிக் கிழக்கே நகர்ந்து உலகைச் சுற்றும் மேகக்கூட்டம். அது இந்தியப் பெருங்கடல் பக்கம் இருந்தால் நமக்கு மழைக்கான சாத்தியம் கூடும். அதை வைத்துக்கொண்டு ‘வேதாரண்யத்தில் செவ்வாய் மாலை நாலு மணிக்கு’ என்று எவராலும் சொல்ல முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. பிப்ரவரியில் நம் கடலோரத்தின் இயல்பு மழையே சொற்பம். ஒரே ஒரு நல்ல மழை பெய்தாலே ‘இயல்பைவிட அதிகம்’ ஆகிவிடும். கணிப்பு வரைபடத்தில் கூடுதல் மழையைக் குறிக்கும் பச்சையைப் பார்த்ததும் வெள்ளம் என்று நினைத்தது யார் தவறு?

‘அப்ப எதுக்குச் சொல்றான், வாயை மூடிக்கிட்டு இருக்கலாமே’ என்பீர்கள். 2023 ஞாபகம் இருக்கிறதா? பிப்ரவரி முதல் வாரம். ஜனவரி கடைசியில் வங்கக்கடலில் உருவான தாழ்வு மண்டலம் இலங்கையில் கரையேறியது, இங்கே அறுப்புக்கு நின்ற சம்பா படுத்துவிட்டது. அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அதற்கு முன் 2021 பொங்கலுக்கும் இதே கதைதான், கதிரிலேயே நெல் முளைத்தது. அப்போதெல்லாம் ‘முன்னாடியே ஒருத்தனும் சொல்லலையே’ என்று அழுதவர்கள்தான் இப்போது மீம் போடுகிறீர்கள்.

‘லைக்குக்காகத்தான் எழுதுகிறான்.’ இருக்கட்டும். நீங்கள் எதற்கு எழுதுகிறீர்கள்?

‘மழை பெய்தால் நல்லதுதானே டீச்சர்’ என்று சென்னையிலிருந்து ஒருவர். உங்களுக்கு என்ன, தூறல் போட்டால் ‘ஊட்டி மாதிரி இருக்கு’ என்று பால்கனியில் காபியோடு செல்ஃபி எடுப்பீர்கள். இங்கே தை, மாசியில் பெய்தால் நெல் சாயும், தெளித்த உளுந்து அழுகும். அகஸ்தியன்பள்ளி, கோடியக்காடு பக்கம் உப்பளத்தில் அப்போதுதான் பாத்தியைச் சீர்செய்து தண்ணீர் கட்டியிருப்பார்கள். ஒரே மழை, மறுபடி முதலிலிருந்து.

சரி, எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

தம்பியின் பதிவை அண்ணனுக்கு அனுப்பியதே நான்தான். தலைஞாயிறு பக்கம் கடைமடையில் அவருக்கு எட்டு மா நிலத்தில் சம்பா. பயிருக்கு இன்னும் ஒரு வாரம், பத்து நாள் வேண்டும். அனுப்பும்போது ‘மாறலாம்’ என்ற வரியையும் சேர்த்துத்தான் அனுப்பினேன். ஆனால் அதற்குள் அந்தத் தென்னைமரப் படம் ஊரெல்லாம் சுற்றியிருந்தது. மழை வந்துவிட்டால் சேற்றில் இறங்கி அறுக்கும் பெல்ட் மிஷின் கிடைக்காது என்று ஊரே பறந்தது. அண்ணனும் ஆறு மாவை அறுத்துவிட்டார்.

வந்தது மழையா? ஒருநாள் காலையில் சாக்கு நனையாத அளவுக்குத் தூறல்.

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனேன். தார் ரோட்டில் பாதியை அடைத்து நெல் கொட்டியிருந்தது. பனி விலகவே ஒன்பது மணி ஆகிறது, அப்புறம் எங்கே காய்வது? அண்ணன் ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தார். டிக்கென்று உடையவில்லை. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் வரைதான் எடுப்பார்கள், மிஷினில் 21 காட்டியதாம். மணி பிடிக்காத கருக்காய் வேறு. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற பெரியப்பா மகன்தான், “என்ன வானிலை வாத்தியாரம்மா, இன்னைக்கி வெயிலடிக்குமா?” என்றார். அண்ணனும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒரு வாரம் முன்னால் அறுத்ததற்குத் தம்பியைத் திட்டுகிறீர்கள். நெல்லை ரோட்டில் கொட்டிக் காயவைக்க வேண்டியிருப்பதற்கு யாரைத் திட்டுவது? ஊருக்கு ஒரு களம், ஒரு கொட்டகை, ஒரு உலர்த்தும் இயந்திரம் இருந்தால் கணிப்பு பொய்த்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. அதை எழுதினால் ஒரு லைக்கும் விழுவதில்லை. நானும்தான் எத்தனை வருஷமாக எழுதுகிறேன்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். தம்பி இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் ‘மாறலாம்’ என்று போட்டிருக்கலாம். நானும் அனுப்பியதோடு விடாமல் போனில் பேசியிருக்கலாம். எனக்கு முதல் பீரியட் பத்தாம் வகுப்பு, அவசரம்.

நேற்று வியாழக்கிழமை. புதிய வரைபடம் வந்துவிட்டது. மூன்றாவது வாரத்தில் நாகைக்குக் கீழே கடலோரமாக லேசாகப் பச்சை தெரிகிறது. தம்பி எதுவும் எழுதவில்லை, பக்கத்தையே மூடிவைத்திருக்கிறான். அண்ணனின் பின்வயல் இரண்டு மா இன்னும் அறுக்காமல் நிற்கிறது. அனுப்பலாமா என்று தட்டச்சு செய்து இரண்டு முறை அழித்தேன். காலையில் அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒன்று வந்திருந்தது. ரோஜாப்பூ படம், ‘இனிய காலை வணக்கம்’. வேறொன்றும் இல்லை.