முட்டை விலை கேட்டவர்கள்

போர் நடக்கும் நாட்டில் ஊழலைப் பற்றி வாய் திறந்தால், "இதனால் எதிரிக்குத்தான் லாபம்" என்று உடனே ஒரு குரல் வரும். நானும் அதைப் பாதி நம்பியவன்தான். உக்ரைனைக் கவனிக்கக் கவனிக்க அந்த எண்ணம் போய்விட்டது.

2023 ஜனவரியில், ராணுவத்துக்கு வாங்கும் முட்டை ஒன்றின் விலை 17 ஹிரிவ்னியா (உக்ரைன் நாணயம்) என்று ஒரு பத்திரிகையாளர் எழுதினார். கடையில் அப்போது சுமார் 7. பாதுகாப்பு அமைச்சகம் முதலில் அவர்மேல்தான் பாய்ந்தது. சில நாளில் துணை அமைச்சர் விலகினார். செப்டம்பரில் அமைச்சரும் மாறினார்.

அதைவிடப் பெரியது 2025 ஜூலை 22. ஊழல் தடுப்பு அமைப்புகளான நாபு, சாபோ இரண்டையும் தலைமை வழக்கறிஞரின் பிடிக்குள் கொண்டுபோகும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதிபர் ஜெலென்ஸ்கி அன்றைக்கே கையெழுத்திட்டார். ராணுவச் சட்டம் அமலில் இருக்கும் நாடு, கூட்டம் கூடவே தடை. ஆனாலும் அன்று இரவே தலைநகர் கீவ் தெருவில் அட்டைப் பெட்டியைக் கிழித்து எழுதிய வாசகங்களோடு இளைஞர்கள் நின்றார்கள். ஒன்பதே நாளில், ஜூலை 31 அன்று, நாடாளுமன்றத்தில் 331 வாக்குகளோடு அந்த அமைப்புகளின் சுதந்திரம் திரும்பி வந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் நெருக்கியது, உண்மைதான். ஆனால் தெரு காலியாக இருந்திருந்தால் அந்த நெருக்கடிக்கு இவ்வளவு வேகம் வந்திருக்குமா?

நவம்பரில் அதே நாபு, அணுமின் நிறுவனமான எனர்கோஆட்டமில் சுமார் 10 கோடி டாலர் கமிஷன் ஊழல் என்று வெளிக்கொண்டுவந்தது. மக்கள் மின்வெட்டில் இருட்டில் உட்கார்ந்திருந்த நேரம் அது. இரண்டு அமைச்சர்கள் பதவி இழந்தார்கள். அதிபர் அலுவலகத் தலைவர் யெர்மாக்கும் விலகினார். ஜூலையில் அந்தச் சட்டம் அப்படியே நின்றிருந்தால்?

ராணுவச் சட்டத்தின் கீழ் அங்கே தேர்தல் நடத்த முடியாது. வீரர்கள் களத்தில், லட்சக்கணக்கானோர் வெளிநாட்டில் என்றிருக்கும்போது அவசரத் தேர்தல் கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. அதனால்தான் ஊழலைக் கேள்வி கேட்கும் பத்திரிகையாளர்களும் அமைப்புகளும் இன்னும் முக்கியமாகிறார்கள்.

இவர்களுக்கு உதவுவதில் பெரிய சாகசம் ஒன்றுமில்லை. டாங்கி அனுப்பினால் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம், வழக்கறிஞருக்குச் சம்பளம் கொடுத்தால் எதைப் படம் எடுப்பது? 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது உக்ரைனின் பல சுதந்திர ஊடகங்கள் ஒரே வாரத்தில் தவித்தன. கடைகளே மூடிக்கிடக்கும் போர்முனை ஊர்களில் விளம்பரத்துக்கு எங்கே போவார்கள்? உதவும் நாடுகள் ஆறு மாதத் திட்டத்துக்குப் பணம் தந்து அறிக்கை கேட்பதை நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று வருஷத்துக்கு வாடகையையும் சம்பளத்தையும் உறுதிசெய்யட்டும்.