ஏபிஐக்கு ஒரு வருஷம் டைம், எங்க அக்காவுக்கு ஒரு ராத்திரி

ஆன்லைன்ல கடை வச்சிருக்கவங்க குரூப்ல யாராவது "ஆர்டர் பாக்குற சாஃப்ட்வேர் ஸ்கிரீன் மொத்தமா மாறிப்போச்சு, ஒண்ணும் புரியல"ன்னு போட்டா போதும், உடனே நாலு பேரு வந்துருவாங்க. "மாற்றம் ஒன்றே மாறாதது ப்ரோ", "அப்டேட் ஆகிக்கங்க", "ரெண்டு நாள்ல பழகிரும்". பழகிரும்தான், யாரு இல்லன்னா? அந்த ரெண்டு நாளு எந்த ரெண்டு நாளு, பழக வேண்டியது யாருங்கறதுதான் என் பிரச்சினை.

நாங்க சேலம் பக்கத்துல இளம்பிள்ளைல சேலை பண்றோம். சாஃப்ட் சில்க், ஆர்ட் சில்க், கொஞ்சம் காட்டன். பாதி வியாபாரம் வாட்ஸ்அப் ரீசெல்லருங்க மூலமா, மீதி சொந்த வெப்சைட்ல. வெப்சைட்டுக்கு பொறுப்பு நான்தான், ஆனா காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் ஆர்டர் ஸ்கிரீன் முன்னாடி உக்காந்திருக்கறது பேக்கிங் பாக்குற அக்கா. அவங்களுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், ஆனா அதை வாசிச்சு வேலை செய்யறவங்க இல்ல. மஞ்சளா இருந்தா சிஓடி, அதாவது பார்சல் கைக்கு வந்தப்புறம்தான் காசு, போன் பண்ணி கேட்டுட்டுதான் கட்டணும். பச்சையா இருந்தா காசு வந்துருச்சு, கட்டிரலாம். லேபிள் எடுக்க வலது பக்கம் மேல ரெண்டாவது பட்டன். இவ்ளோதான் அவங்களுக்கு அந்த சாஃப்ட்வேரு. இடமும் கலரும்தான் எழுத்து. நான் ஒரு ஆர்டர தொறந்து முழுசா படிக்கறதுக்குள்ள அவங்க அஞ்சு கவர் ஒட்டி முடிச்சிருப்பாங்க, அவ்ளோ வேகம்.

சிஓடி கதை தெரியாதவங்களுக்கு: காசு கட்டாம ஆர்டர் போடுறவங்கள்ல கொஞ்ச பேரு சும்மா போட்டு விட்டுருவாங்க, இல்ல வீட்டுல ஆள் இருக்க மாட்டாங்க, இல்ல மனசு மாறிரும். பார்சல் திரும்பி வந்தா போன கூரியர் காசும் நம்ம தலைல, வந்த கூரியர் காசும் நம்ம தலைல, சேலை மடிப்பு கலைஞ்சு திருப்பி அயர்ன் போட்டு மடிக்கற கூலி தனி. அதனாலதான் அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு போன். "அக்கா, சேலை ஆர்டர் பண்ணிருக்கீங்க, அனுப்பலாமா?" அந்த ஒரு போன்ல பாதி ரிட்டன் நின்னுரும்.

போன தீபாவளி சீசன் நடுவுல ஒரு நாள் காலைல லாகின் பண்ணா புது ஸ்கிரீன். சாஃப்ட்வேர் பேரு வேணாம், எல்லாரும் ஒரே மாதிரிதான். மஞ்சளும் இல்ல பச்சையும் இல்ல, எல்லாம் சாம்பல் கலர்ல ஒரு குட்டிப் பெட்டி, உள்ள ஒரு குட்டி வட்டம், வட்டம் நெறஞ்சிருந்தா பணம் வந்துச்சுன்னு அர்த்தமாம். பணம் எப்படி கட்டினாங்கன்னு காட்டுற கட்டத்த காணோம், அத வரவைக்க ஒரு செட்டிங்குக்குள்ள போய் டிக் போடணும். லேபிள் பட்டன் மூணு புள்ளிக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிச்சு. வரிக்கு வரி இடைவெளி வேற தாராளமா விட்டுருக்காங்க, பாக்க அழகுதான், ஆனா முன்ன ஒரே பார்வைல தெரிஞ்ச ஆர்டர்ல பாதிதான் இப்ப தெரியுது, மீதிக்கு உருட்டிக்கிட்டே இருக்கணும். அக்கா என்னை கூப்பிட்டு "தம்பி, இன்னைக்கு யாருமே சிஓடி போடல போலருக்கு"ன்னாங்க. நான் வந்து பாக்கறதுக்குள்ள காலை லோடு கூரியர் வண்டில ஏறிருச்சு. ரெண்டு வாரம் கழிச்சு ரிட்டன் மூட்டை மூட்டையா வந்துச்சு.

இதுக்கு "ஸ்டாஃபுக்கு ட்ரெய்னிங் குடுங்க"ன்னு ஒருத்தர் சொன்னாரு. நல்ல யோசனைதான், ஆனா மாறப்போகுதுன்னு எனக்கே தெரியாதப்ப எதுக்கு நான் ட்ரெய்னிங் குடுக்கறது? யூட்யூப்ல தமிழ்ல இருக்கற வீடியோ எல்லாம் பழைய ஸ்கிரீன்தான். அவங்களோட உதவிப் பக்கத்துலயே படம் பழசு. ஜவுளிக்கடைல ராத்திரியோட ராத்திரியா எல்லா ராக்கையும் மாத்தி வச்சுட்டு, காலைல முகூர்த்தக் கூட்டம் நிக்கறப்ப சேல்ஸ் பொண்ணுங்களப் பாத்து "எல்லாம் இங்கதான் இருக்கு, தேடிக்கங்க"ன்னு எந்த முதலாளியாவது சொல்வாரா?

எனக்கு உண்மையிலயே கோவம் வர்ற எடம் இது இல்ல. இதே கம்பெனிங்க புரோகிராம் விஷயத்துல எவ்ளோ ஒழுங்கா இருக்காங்கன்னு பாருங்க, அங்கதான் வருது. ஆன்லைன் கடை சாஃப்ட்வேர் விக்கற ஷாப்பிஃபைய எடுத்துக்கங்க. அவங்க ஏபிஐ, அதாவது வேற புரோகிராமுங்க அவங்க சாஃப்ட்வேரோட பேசற வழி, மூணு மாசத்துக்கு ஒரு தடவ புது வெர்ஷன் வரும், ஆனா வந்த ஒவ்வொரு வெர்ஷனும் குறைஞ்சது 12 மாசம் ஓடும்னு எழுத்துல குடுத்துருக்காங்க. பெரிய கடைங்க பயன்படுத்துன பழைய செக்அவுட் ஃபைல (காசு கட்டுற பக்கத்த அமைக்கறது) தூக்கறப்ப கூட முதல் பகுதிக்கு 2024 ஆகஸ்ட் 13, ஆர்டர் முடிஞ்ச பிறகு வர்ற பக்கத்துக்கு 2025 ஆகஸ்ட் 28ன்னு ரொம்ப முன்னாடியே தேதி சொல்லிட்டாங்க. ஏன்? சொல்லாம மாத்துனா அந்தப் பக்கம் இருக்கற புரோகிராம் உடைஞ்சுரும், உடைஞ்சா எர்ரர் வரும், எர்ரர் வந்தா டெவலப்பர் கத்துவான்.

மனுஷன் உடைஞ்சா எர்ரர் வராது. எங்க அக்கா கைல இருந்ததும் ஒரு புரோகிராம்தான், பல வருஷமா அவங்களே எழுதி வச்சது. அத உடைச்சதுக்கு பதிவு (லாக்) கிடையாது, புகார் (டிக்கெட்) கிடையாது, அவங்க ஆபீஸ் டாஷ்போர்டுல "புது டிசைனுக்கு எல்லாரும் மாறிட்டாங்க"ன்னு பச்சைக் கோடு மேல ஏறும், அவ்ளோதான். மாறாம எங்க போறது, பழசுதான் இல்லையே!

அப்ப சொந்தமா சர்வர் எடுத்து வூகாமர்ஸ் மாதிரி நாமளே நடத்துற கடை சாஃப்ட்வேர் போட்டுக்கலாமே, அப்டேட் பட்டன் நம்ம கைல இருக்குமேன்னு கேப்பீங்க. இருக்கும். ஆனா அமுக்காமலே உக்காந்திருக்க முடியாது. மெஜென்டோ 1னு இன்னொரு கடை சாஃப்ட்வேர், அதுக்கு 2020 ஜூன் 30ஓட சப்போர்ட் நின்னுச்சு, நெறைய பேரு பழகுன ஸ்கிரீன விட மனசில்லாமலோ செலவுக்கு பயந்தோ அப்படியே ஓட்டுனாங்க. அந்த செப்டம்பர்லயே ஒரே வாரக்கடைசில 2,000 கடைக்கு கிட்ட உள்ள புகுந்து கஸ்டமர் கார்டு விவரத்த திருடுற புரோகிராம போட்டுட்டானுங்க, அதுல பெரும்பாலும் மெஜென்டோ 1 கடைங்கதான். அதனால "நான் பழசுலயே இருப்பேன்"னு அடம் பிடிக்கறவன் நான் இல்ல. பாதுகாப்பு அப்டேட் வேற, பட்டன எடம் மாத்தறது வேற, ரெண்டையும் ஒரே பொட்டலத்துல கட்டி குடுக்கறாங்களே, அதத்தான் சொல்றேன்.

நல்ல விதமா மாத்தவும் தெரியும் இவங்களுக்கு. வெப்சைட் நடத்தற சாஃப்ட்வேரான வேர்ட்பிரஸ்ல 2018 டிசம்பர் 6ஆம் தேதி 5.0 வந்து எழுதற எடிட்டரே தலைகீழா மாறுனப்ப, கிறிஸ்துமஸ் வியாபார நேரத்துல இது தேவையான்னு ஊரே திட்டுச்சு. ஆனா கூடவே கிளாசிக் எடிட்டர்னு ஒரு பிளகின் (கூட சேத்துக்கற குட்டி சாஃப்ட்வேர்) குடுத்தாங்க, வேணுங்கறவங்க பழசுலயே இருங்கன்னு. 2021 கடைசி வரைக்கும்தான்னு சொன்னது இன்னைக்கும் ஓடுது, லட்சக்கணக்கான சைட்ல. வூகாமர்ஸ்ல கூப்பனை மார்க்கெட்டிங் மெனுவுக்கு கீழ மாத்துனப்ப இன்னும் அழகு: பழைய எடத்துல மெனுவ அப்படியே விட்டு, உள்ள போனா "இப்ப அங்க இருக்கு"ன்னு ஒரு வரி, பழகிட்டா பழைய மெனுவ நீங்களே எடுத்துக்கலாம்னு ஒரு லிங்க். எவ்ளோ சின்ன வேலை! இத செஞ்சவருக்கு யாராவது ஒரு டீ வாங்கிக் குடுங்க.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. அமெரிக்காவுல பிளாக் ஃப்ரைடே வருதுன்னா அதுக்கு சில வாரம் முன்னாடியே கோட் ஃப்ரீஸ்னு வச்சுக்கறது ஆன்லைன் வியாபாரத்துல சகஜம், எதையும் தொட மாட்டாங்க. பிளாக் ஃப்ரைடே நவம்பர் கடைசி. நம்ம தீபாவளி 2024ல அக்டோபர் 31, 2025ல அக்டோபர் 20. ஃப்ரீஸ் விழறதுக்குள்ள எல்லாத்தையும் தள்ளி விட்டுரணும்னு அவங்க அவசரப்படுற நேரமும் நாம மூச்சு விடாம பார்சல் கட்டுற நேரமும் ஒண்ணா விழுது. வேணும்னே பண்றாங்கன்னு சொல்லல. அவங்க காலண்டர்ல நாம இல்ல, அவ்ளோதான்.

நம்ம ஜிஎஸ்டிய நான் திட்டாத நாளில்ல, ஆனா அதுல கூட 2025 செப்டம்பர் 3ஆம் தேதி கவுன்சில் முடிவு பண்ணி 22ஆம் தேதிலருந்து புது ரேட்டுன்னு சொன்னாங்க. கவர்மென்ட்டே பத்தொம்போது நாள் குடுத்துச்சுய்யா!

புது ஸ்கிரீன்ல எல்லாமே மோசம்னும் இல்ல. முன்ன ஒரு சேலைல எட்டு கலர் இருந்தா ஸ்டாக் மாத்த எட்டு தடவ தொறந்து மூடணும், இப்ப எக்செல் ஷீட் மாதிரி ஒரே பக்கத்துல தட்டிட்டுப் போயிரலாம். எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு. கவனிச்சீங்களா, எனக்கு. முதலாளி உக்கார்ற ஸ்கிரீன் நல்லா ஆகிருக்கு, பேக்கிங் டேபிள் ஸ்கிரீன் கெட்டுப்போயிருக்கு. ரிப்போர்ட்டு, கிராஃபு எல்லாம் முதல் பக்கத்துல பளபளன்னு, லேபிள் மட்டும் மூணு புள்ளிக்குள்ள. பணம் கட்டி சாஃப்ட்வேர் வாங்குறவன் நான், அதனால டெமோல எனக்கு பிடிச்சா போதும்னு நெனைக்கறாங்க போல.

இப்ப நாங்க பண்றது இதுதான். சிஓடி ஆர்டர் வந்தா தானா ஒரு டேக் (ஆர்டர்ல ஒட்டுற அடையாளப் பேரு) விழற மாதிரி வச்சுட்டேன், டேக் பேரு தமிழ்லயே "போன் பண்ணு". ஸ்கிரீன் எப்படி மாறினாலும் டேக் நம்ம டேட்டா, அதுல கை வைக்க மாட்டாங்க. காலைல முதல் வேலையா ஆர்டர் லிஸ்ட்ட சிஎஸ்வியா (எக்செல்ல தொறக்கற ஃபைலா) எறக்கி ஷீட்ல போட்டு, அதுல மஞ்சள் பச்சைய நாங்களே அடிச்சுக்கறோம். அக்கா அந்த ஷீட்ட பாத்துதான் போன் பண்றாங்க. மெனுல தேடறத விட்டுட்டு மேல இருக்கற சர்ச் பாக்ஸ்ல ஆர்டர் நம்பர அடிக்க சொல்லிருக்கேன், அது மட்டும் எந்த அப்டேட்லயும் பெருசா நகர்றதில்ல.

கம்பெனிகிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. ஏபிஐக்கு குடுக்கற மாதிரி ஸ்கிரீனுக்கும் வெர்ஷன் குடுங்க, ஒரு வருஷம் எல்லாம் வேணாம், மூணு மாசம் போதும், அதுக்குள்ள எந்த நாள் மாறணும்னு கடைக்காரன் முடிவு பண்ணட்டும். 2026 தீபாவளி நவம்பர் 8, செப்டம்பர்லருந்து அது வரைக்கும் எதையும் அசைக்காதீங்கன்னு ஃபீட்பேக் பாக்ஸ்ல தேதியோட எழுதி அனுப்பிருக்கேன். "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்"னு ஆட்டோ ரிப்ளை வந்துருக்கு. இதே சாஃப்ட்வேர் வச்சிருக்கவங்க நீங்களும் அதே தேதிய போட்டு அனுப்புங்க, ஒரே விஷயத்த நூறு பேர் எழுதினாதான் அங்க யாராவது ஒரு ஆள் தொறந்து படிப்பான்.