மாமன் எந்தப் பக்கம் பார்க்கிறார்?

(பிளெக்ஸ் கடை. காதணி விழாவுக்கு 10-க்கு 8 அடி பேனர். பாப்பாவின் அப்பா குமரேசன், டிசைனர் பாண்டி.)

குமரேசன்: தம்பி, மச்சான் படம் பெருசா வரணும். சின்னதா இருந்தா சீர்வரிசை வண்டி ஊருக்குள்ளயே வராது.

பாண்டி: பாப்பா?

குமரேசன்: அதுவும் பெருசுதான். அப்புறம் இந்த 34 பேரும்.

பாண்டி: அண்ணே, பைக்ல 40 கிலோமீட்டர் வேகத்துல வர்றவன் 60 அடியை ரெண்டு விநாடிக்குள்ள தாண்டிருவான். அதுக்குள்ள ஒரு முகம் மனசுல பதிஞ்சாலே பெரிசு. நீங்க கொண்டாந்த மாதிரியைக் கண்ணைப் பாதி மூடிக்கிட்டுப் பாருங்க. என்ன தெரியுது?

குமரேசன்: சமையல்காரர் போன் நம்பர்.

பாண்டி: கறுப்புக் கட்டத்துல வெள்ளை எழுத்து, அதான் முந்திக்கிட்டு நிக்குது. பின்னாடி சூரியக் கதிர் வேற போட்டிருக்கீங்க. கதிர் எங்க கூடுதோ அங்கதான் கண்ணு போகும். இதுல எல்லாம் மச்சான் தொப்பையில போய்க் கூடுது.

குமரேசன்: அது ஊரறிஞ்ச தொப்பை தம்பி!

பாண்டி: கதிர் கூடுற இடத்தைப் பாப்பா முகத்துக்கு நகர்த்துறேன். இடது ஓரத்துலருந்து 3 அடி 4 அங்குலம். முகம் மட்டும் 4 அடி. சிவப்புன்னா பாப்பா சட்டை ஒண்ணுதான், மத்ததெல்லாம் வெளிர் மஞ்சள். 34 தலையும் அடியில ஒரே வரிசை. தலைக்கு மூணரை அங்குலம் கிடைக்கும்.

குமரேசன்: மூணரை அங்குலத்துல எங்க பெரியப்பா மீசைகூட அடங்காதே!

பாண்டி: தேடி வந்து பார்ப்பாங்க அண்ணே. தேதி, மண்டபம் பேரு ஆறு அங்குல எழுத்து. பத்தடிக்கு ஒரு அங்குலம்னு வச்சா 60 அடியிலருந்து படிக்கலாம்.

குமரேசன்: மச்சான்?

பாண்டி: பாப்பா விரல் நீட்டுது பாருங்க. அந்த விரலுக்கு நேரா, வலப்பக்கம், ரெண்டடியில மாமன் முகம். பாப்பாவைப் பார்த்தவன் விரலைப் பிடிச்சுக்கிட்டு நேரா மாமன்கிட்டதான் வருவான்.

குமரேசன்: அப்ப ரெண்டடி போதும்ங்கிறீங்க.

பாண்டி: ஒரே சிக்கல். போட்டோவுல அவரு வலப்பக்கம், பேனருக்கு வெளியே பார்க்கிறாரு. பார்க்கிறவனும் அவரோட சேர்ந்து வெளியே போயிருவான். படத்தைத் திருப்பிப் போட்டா பாப்பாவைப் பார்ப்பாரு. ஆனா சட்டைப் பாக்கெட் அவரோட வலது மார்புக்கு வந்துரும், அதனால காலரோட வெட்டிருவேன்.

குமரேசன்: இருங்க இருங்க. வெளியேன்னா, வலது கைப் பக்கமா?

பாண்டி: ஆமா.

குமரேசன்: திருப்பாதீங்க தம்பி! பேனருக்கு வலப்பக்கம்தான் மொய் எழுதுற மேசை போடுறோம்.