‘கடன்பட்டார் நெஞ்சம்’ கம்பர் பாடியதல்ல

“கடன்பட்டார் நெஞ்சம் போல் கலங்கினான் இலங்கை வேந்தன்” என்ற வரியைக் கம்பர் பெயரில் போட்டு, ‘வில்லனுக்கும் இரங்கிய கவி’ என்று புகழும் பதிவு மறுபடி சுற்றுகிறது. கம்பராமாயணத்தில் இந்த வரியே கிடையாது. 18-ஆம் நூற்றாண்டில் அருணாசலக் கவிராயர் எழுதிய இராம நாடகத்துப் பாட்டு, வாய்வழியே கொஞ்சம் மாறி வந்திருக்கிறது. கடன் உவமை எல்லோருக்கும் சட்டென்று புரிவதால் ஒட்டிக்கொண்டதோ என்னவோ.

சரி, கம்பர் இரங்கவில்லையா? இதைவிட ஆழமாகவே இரங்கினார். முதல் போரில் தோற்ற இராவணன், வீரத்தையும் களத்தே போட்டுவிட்டு ‘வெறுங்கையோடு இலங்கை புக்கான்’. வானும் மண்ணும் சிரிக்குமே என்று அவன் வெட்கப்படவில்லை. சானகி சிரிப்பாளே என்றுதான் குறுகிப்போகிறான். கும்பகருணன் வதைப் படலத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது.