சில ரிவோல்வரில் ஆறு ரவை போடக்கூடாது

அரிசோனாவில் இருக்கும் மச்சான் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவோல்வர் (ஒவ்வொரு முறையும் சுத்தியலை விரலால் பின்னுக்கு இழுத்துச் சுடுவது) வாங்கப்போகிறார், ஹட்டனில் மரப்பிடி செய்து அனுப்பலாமா என்று தம்பி கேட்டிருந்தார். அதற்குப் பதில் எழுதிய ஒருவர், 'எதை வாங்கினாலும் ஒன்றுதான், ஆறு ரவையும் போட்டு வைக்கலாம், பிடியும் எல்லாவற்றுக்கும் ஒன்றே' என்கிறார். பிடி விஷயம் போகட்டும், ரவை விஷயம் ஆளைக் கொன்றுவிடும்.

1873இல் வந்த கோல்ட் நிறுவன ரிவோல்வரில், ரவையைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி சுத்தியலிலேயே இருக்கிறது. சுத்தியல் இறங்கியிருந்தால் ஊசிமுனை ரவையின் பிரைமரை, அதாவது அடிபட்டால் தீப்பற்றும் பகுதியை, தொட்டுக்கொண்டு நிற்கும். கைதவறிக் கீழே விழுந்து சுத்தியலில் அடிபட்டால் வெடித்துவிடலாம். சுத்தியலைச் சற்றுத் தூக்கி நிறுத்தும் முதல் வெட்டு இருக்கிறதே என்பார்கள். அது மெல்லியது, அடியில் உடைந்துபோகும். அதனால்தான் ஐந்து ரவை, சுத்தியலுக்கு நேரே வெற்று அறை.

இன்னொரு நிறுவனமான ரூகரின் கதை வேறு. 1973இல் அதில் டிரான்ஸ்ஃபர் பார் என்ற தகடு வந்தது. விசையை இழுத்தால்தான் அந்தத் தகடு மேலே வந்து சுத்தியலின் அடியை, தனியே இருக்கும் ஊசிக்குக் கடத்தும். அந்த மாடல்களில் ஆறும் போடலாம். அதற்கு முந்திய ரூகர் என்றால், அந்தத் தகடு உள்ளதாக மாற்றிப் பொருத்தாதவரை, ஐந்துதான்.

சரி, பிடி. கோல்ட் பிடி ரூகரில் அப்படியே உட்காராது, ரூகரிலேயே மாடலுக்கு மாடல் அளவு மாறும். பிடி பொருந்தும் இரும்புச் சட்டத்தின் ஓரத்தைக் காகிதத்தில் வரைந்து அனுப்பச் சொல்லுங்கள். இன்னொன்று, நம் ஹட்டன் பனியில் காய்ந்த மரம் அரிசோனா வெயிலில் சுருங்கி, இரும்பு விளிம்பு நகத்தில் தட்டுப்படும். கொஞ்சம் பெரிதாகவே விட்டு அனுப்புங்கள், கடைசி உரசலை மச்சான் அங்கே போட்டுக்கொள்ளட்டும்.