மூத்த குழுக்களை இப்படி ஓரங்கட்டலாமா?

இளைய மெட்டல் (கனமான, அதிரடி ராக் இசை) குழுக்களைப் புகழும் உங்கள் கட்டுரை, பழைய குழுக்கள் பெயரை வைத்துத்தான் புது ஆல்பங்களை ஓட்டுகின்றன என்கிறது. ஜூடாஸ் பிரீஸ்டின் ‘இன்வின்சிபிள் ஷீல்ட்’ (2024) கேட்டவர் இப்படி எழுதுவாரா? எழுபதைத் தாண்டிய அவர்களின் பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் அதில் என்ன உச்சத்தில் பாடுகிறார்!

எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் ஸ்வீடன் மெட்டல் குழுவான ஓபெத். 2008இல் வந்த ‘வாட்டர்ஷெட்’டுக்குப் பிறகு அவர்களின் ஆல்பங்களில் உறுமல் குரலே (அடித்தொண்டையில் உறுமிப் பாடுவது) இல்லை. 2024 நவம்பரில் வந்த ‘தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்’டில் அது திரும்பிவிட்டது. ஒரு குடும்பத் தலைவரின் உயிலை வாசிக்கும் கதை. கடைசிப் பாடலைத் தவிர மற்றவற்றுக்குத் தலைப்பே கிடையாது, உயிலில் இருப்பதுபோல் பத்தி எண்கள்தான். செத்தவரின் ஆங்காரம் அந்த உறுமலில்தான் முழுசாக வெளிவருகிறது, சும்மா ரசிகர்களைத் திருப்திப்படுத்த வைத்ததல்ல. அப்புறம் ஜெத்ரோ டல் ராக் குழுவின் இயன் ஆண்டர்சனின் புல்லாங்குழல் வேறு!

மெட்டாலிகாவின் ‘72 சீசன்ஸ்’ நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடிவில் வரும் 11 நிமிடப் பாடலில் ஒரு நொடியைக்கூடக் குறைக்க விடமாட்டேன்.

சரி, இளைய குழுக்களைப் புகழும் கட்டுரையில் பிளட் இன்கன்டேஷன் குழுவை எப்படி விட்டீர்கள்? அவர்களின் ‘அப்சொல்யூட் எல்ஸ்வேர்’ ஆல்பத்தில் இரண்டே நீண்ட பாடல்கள். டெத் மெட்டலும் (உறுமல் குரலோடு வரும் முரட்டு மெட்டல் வகை) எழுபதுகளின் விண்வெளி இசையும் அதில் அவ்வளவு இயல்பாகக் கலக்கின்றன. அவசியம் கேளுங்கள்.